கல்மலைக்காரிக்கு ஒரு முகம்

டி.வி. சீரியல்களில் நாத்தனார்தான் வில்லி. அண்ணன் மனைவி வைத்த குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவாள், பீரோ சாவியை ஒளித்து வைப்பாள், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள். எங்கள் வீட்டில் அந்தப் பதவி முறைப்படி எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போய் சாயந்திரம் திரும்புகிறவளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? போதாக்குறைக்கு எனக்கும் அண்ணிக்கும் ஒரே நடிகையைப் பிடித்துத் தொலைத்துவிட்டது. அதனால் அந்தப் பதவி இன்றுவரை காலியாகவே கிடக்கிறது.

நடிகையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வீட்டில் நாங்கள் அவரை 'நம்மாள்' என்றுதான் சொல்வோம். பெரிய பெரிய விருதெல்லாம் வாங்கியவர். ஒரு படத்தில் அவருடைய நடிப்பு யதார்த்தமாக இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதியிருந்தால், அதில் நம்மாள் மேக்கப் இல்லாமல் அழுதிருக்கிறார் என்று அர்த்தம். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான், அழுவார். மகன் சொத்தைக் கேட்பான், அழுவார். ஆனால் அவர் அழுதால் நாமும் மூக்கைச் சிந்துவோம், அதை மறுக்க முடியாது. அதனால்தான் விடாமல் பார்த்தோம்.

நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊருக்குள் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் நடக்கிறது என்றால் அதற்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லையென்றால் நடக்கவில்லை என்றே கணக்கு. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வந்து அவனைச் சினிமா போஸ்டர் மாதிரி செய்து தரச் சொல்வார்கள். ஒருவன் கையில் அரிவாள், ஒருவனுக்குச் சிங்கம், ஒருவனுக்கு ஹெலிகாப்டர். எல்லாரும் கடைசியாகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா. ஏற்றிக் கொடுப்பேன். இந்தத் தாலுகாவில் பாதிப் பேரை நான் வெளுப்பாக்கியிருக்கிறேன்.

அண்ணனுடைய கல்யாண ஃப்ளெக்ஸையும் நான்தான் செய்தேன். அண்ணி அவலூர்பேட்டைப் பக்கம். நல்ல கறுப்பு, அகலமான கண், தடித்த புருவம். அண்ணன் கேட்டான் என்று பொண்ணுக்குக் கலர் ஏற்றினேன். ஏற்றினேன் என்றால், சுண்ணாம்பு அடித்த மாதிரி. மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கிய அண்ணி அதை நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்த தன் தங்கையிடம், "பொண்ணு யாருடி?" என்று கேட்டாராம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்தபோது சிரித்தேன், பிறகு உள்ளுக்குள் கொஞ்சம் குத்தியது.

வீட்டில் அண்ணி சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா எதைச் சொன்னாலும் 'சரிங்க அத்தை', அண்ணன் எதைச் சொன்னாலும் 'சரி'. ஆறு வருஷம் இப்படியே ஓடியது. சினிமா பார்க்கும்போது மட்டும் வேறு ஆள்.

போன வருஷம் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்று சொல்வதை நாங்கள் மல்லாட்டை என்போம். விதைக்கு என்றால் மெஷினில் போட மாட்டோம், பருப்பு உடைந்துவிடும், கையால்தான் உரிக்க வேண்டும். சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்து நானும் அண்ணியும் நம்மாளின் புதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிப் படத்தில் வழக்கம்போல ஒருவன் அவரை அறைந்தான். வழக்கம்போல அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். அண்ணி நிதானமாக கைத் தூசியைத் தட்டிவிட்டு போனை அணைத்தார்.

"எத்தினி படத்துலதான் பாப்பா இவங்க அறை வாங்குவாங்க? ஒரே ஒரு படத்துல வில்லியா போட்டா இன்னா கொறஞ்சி பூடும்?"

இருபத்தெட்டு வயதிலும் நான் அண்ணிக்குப் பாப்பாதான். அது கிடக்கட்டும். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. நம்மாளுக்கு இணையத்தில் ரசிகர் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் நானும் உண்டு. எடுக்கப்படாத படத்துக்கு எந்த வேஷம் யாருக்கு என்று நாங்களே முடிவுசெய்து போஸ்டர் செய்து போடுவது அங்கே ஒரு விளையாட்டு. யாரும் நம்மாளை வில்லியாக்கியதில்லை. சரி, எந்தக் கதைக்கு வில்லி என்று அண்ணியைக் கேட்டேன். அண்ணி கையில் கதை தயாராக இருந்தது. தன் பையனுக்கும், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் அக்கா மகளுக்கும் சோறு ஊட்டுவதற்காக அவரே கட்டிய கதை.

எங்கள் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலை என்று பேர்தானே தவிர, பாறைகளைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அண்ணியின் கதையில் மலை உச்சியில் ஒருத்தி உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். அவளுக்குக் கல்மலைக்காரி என்று பேர். ஒரு ராஜகுமாரியைப் பிடித்து வைத்திருக்கிறாள். ராஜகுமாரியை மீட்க வருகிற ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு மல்லாட்டை. உடைத்தால் அவன் கல்லாகிவிடுவான். பருப்பை வாயில் போட்டுக்கொண்டு தோலை வீசுவாள். வீசிய தோல்தான் இந்தப் பாறையெல்லாம்.

நான் டிசைனர் புத்தியில் கொம்பு வைத்த கிரீடம், பச்சைப் புகை, மின்னல், பேய்ச் சிரிப்பு என்று அடுக்கினேன். அண்ணி எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

"அவ ஏன் சிரிக்கப் போறா? அவளுக்கு இன்னா அவசரம்? தலைய குனிஞ்சி உரிச்சிகினே இருப்பா. கத்தியத் தூக்கிகினு வர்றவன் கத்திகினு கெடக்கட்டும். கடேசியா ஒரே ஒரு தடவ நிமிந்து பார்ப்பா. அவ்ளோதான்."

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து 'சரிங்க அத்தை' சொல்லிக்கொண்டிருந்தவருக்குள் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளா என்று நினைத்தேன்.

அன்றைக்கே ரசிகர் பக்கத்தில் இந்த யோசனையைப் போட்டேன். போட்டதுதான் தாமதம், ஏறி மிதித்துவிட்டார்கள். அம்மா மாதிரி இருக்கிறவரைப் போய்ச் சூனியக்காரியாக்குவதா, நீ உண்மையான ரசிகையா, எதிர்முகாம் அனுப்பிய ஆளா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் போகாது. வாயால் சொன்னால் புரியாது, போஸ்டராகப் பார்த்தால் தானாக வாயை மூடுவார்கள் என்று முடிவுசெய்தேன்.

ஆனால் நம்மாள் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிற படத்துக்கு எங்கே போவது? உடம்புக்கு வேறு ஒருத்தரைப் படம் பிடித்து, முகத்தை மட்டும் ஒட்டுவதுதான் வழி. அண்ணியைக் கேட்டேன். முதலில் முடியவே முடியாது என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்து, முகம் தெரியாது இல்லையா என்று கேட்டார். தன் முகத்தை மாற்றாமல் அந்தப் படம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று என் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் ஒருத்தருக்கு ஒரு பேர் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. என் அக்காவைக் கொடுத்திருக்கிற வல்லத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எந்தக் காலத்திலோ ஒரு பந்தியில் பாயசத்தில் வழுக்கி விழுந்தவர். இன்றைக்கும் அவர் 'பாயசத்துக்காரி', அவர் பேரன் 'பாயசத்துக்காரி பேரன்'. பாயசம் என்றால் பரவாயில்லை. சூனியக்காரி என்ற பேர் ஒரு மருமகள் மேல் ஒட்டினால் சும்மா போகுமா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணிக்கு அதுதான் பயம், நியாயமான பயம்.

அண்ணன் மினி வேனை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போன ஒரு நாள் காலையில், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையின் அடிவாரத்துக்குப் போனோம். உள்ளூர்க்காரர்கள் கோட்டைக்குப் போவது வெளியூர் உறவினர் வந்தால்தான். டிக்கெட் கொடுக்கிறவரே எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கறுப்புப் புடவை வீட்டில் கிடையாது, அம்மா வாங்க விடமாட்டார். கரும்பச்சைப் புடவையில் அண்ணி, கையில் முறம், முறத்தில் இரண்டு படி மல்லாட்டை. பழைய நெற்களஞ்சியத்தின் இருட்டு வாசலில் உட்கார வைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து நன்றாக விழுந்தது. ஆனால் அண்ணி பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபது படம் எடுத்தேன், இருபதும் ரேஷன் கார்டுக்குத்தான் ஆகும்.

அப்போது குரங்குகள் வந்தன. கோட்டைக் குரங்குகளிடம் மல்லாட்டையோடு போய் உட்கார்ந்தது எங்கள் புத்திசாலித்தனம். நான்கைந்து இறங்கி வந்து சுற்றி நின்றன. நான் செல்போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடினேன். பெரிய கடுவன் ஒன்று நேராக முறத்தை நோக்கி நடந்தது. அண்ணி எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. கையில் இருந்த மல்லாட்டையை டக்கென்று உடைத்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி அதை ஒரு பார்வை பார்த்தார். கடுவன் அப்படியே நின்றது. ஒரு கையைத் தூக்கினபடி, கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போய்விட்டது. தூணுக்குப் பின்னாலிருந்து நான் எடுத்தது அந்த ஒரு படம்தான். அது போதும். வெளியே வரும் வரை இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

போஸ்டரைக் கடையில் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து செய்தேன். அகலம் குறைவாக, நல்ல உயரமாக. புடவையைக் கறுப்பாக்கினேன். பின்னால் ராஜகிரி, வானத்திலிருந்து பாறையாகக் கொட்டுகிற மல்லாட்டைத் தோல். மேலே 'கல்மலைக்காரி', கீழே 'அவள் வருகிறாள்'. எல்லாம் பிரமாதமாக வந்துவிட்டது. நம்மாளின் முகம்தான் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் ஒன்று விருது வாங்கிச் சிரிக்கிறார், இல்லையென்றால் அழுகிறார். அந்தக் கடுவனைப் பார்த்த பார்வை ஒன்றில்கூட இல்லை. முகம் கிடைக்கட்டும் என்று அப்படியே சேமித்து வைத்தேன். அங்கேதான் என் தப்பு.

அந்த வாரம் வல்லத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், அதனால் எங்கள் அண்ணன்தான் அன்றைக்கு ஹீரோ. தாய்மாமன் வீட்டுச் சார்பில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், செய்தவள் நான். எட்டடி அகலம். குழந்தை நடுவில், அண்ணனும் அண்ணியும் ஒரு பக்கம், கீழே 'அனைவரும் வருக'. அந்த ஃபோல்டரிலேயே கல்மலைக்காரியையும் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஃப்ளெக்ஸ் ரோல் பத்தடி. எட்டடி பேனர் போட்டால் ஓரத்தில் இரண்டடி மீதி. அதை வீணாக்காமல், அதே ஃபோல்டரில் சின்னதாக எது இருந்தாலும் மெஷின்காரர் அந்த ஓரத்தில் அடித்துவிடுவார். விசேஷத்துக்கு லீவு போட்டு நான் வீட்டில் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஃபோல்டரைத் திறந்திருக்கிறார். ஓர அளவுக்கு வெட்டித் தைத்த மாதிரி ஒரு போஸ்டர், அதில் இருப்பதும் பேனரில் இருக்கிற அதே அம்மா. தாய்மாமன் வீட்டுக் கிண்டல் போலிருக்கிறது என்று நினைத்து, அடித்தது மட்டுமில்லை, வெட்டாமல் ஒரே துண்டாகச் சட்டம் கட்டி வல்லத்துக்கு அனுப்பியும்விட்டார்.

மறுநாள் காலை சீர்வரிசையோடு மினி வேனில் போனோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் அம்மாவும் நைனாவும். பின்னால் தட்டுகளோடு நான், அண்ணி, அண்ணியின் பையன். ஊர் எல்லையில் வண்டி திரும்பியதும் அண்ணன் பிரேக் போட்டான். மாரியம்மன் கோயில் பந்தலுக்கு முன்னால் பத்தடிக்கு நிற்கிறது ஃப்ளெக்ஸ். இடது பக்கம் குழந்தை, ரோஜாப்பூ, 'காதணி விழா, அனைவரும் வருக'. வலது பக்கம் கறுப்புப் புடவையில், பாறை மழைக்கு நடுவில், சொந்த முகத்தோடு, கலர் ஏற்றாமல், எங்கள் அண்ணி. 'அவள் வருகிறாள்.'

அண்ணன் ஃப்ளெக்ஸைப் பார்த்தான், கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்து, ஊட்டுக்கு வா பேசிக்கலாம் என்றான். நல்ல நாளும் அதுவுமாகக் குழந்தை தலைமாட்டில் சூனியக்காரியை நிற்க வைத்துவிட்டாயே, சம்பந்தி வீட்டில் இனி தலைநிமிர முடியுமா என்று அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அண்ணி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"நா எறங்க மாட்டேன். நீ சத்தியம் பண்ண பாப்பா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. வேலையாவது மண்ணாவது, அந்தக் கடையைக் கொளுத்திவிடலாமா என்று இருந்தது.

அதற்குள் அக்காவின் மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கல்யாணச் சீரில் ஒரு மஞ்சள் கிழங்கு குறைந்ததை இன்றுவரை மறக்காதவர். ஊர்ப் பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு வண்டியை மொய்த்தார்கள். கல்மலைக்காரி உள்ள இருக்குது, கல்மலைக்காரி உள்ள இருக்குது என்று ஒரே கூச்சல். பேர் ஒட்டிவிட்டது. இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நான் குதித்து இறங்கி, தப்பு என்னுடையது, அண்ணிக்கு ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொன்னேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு, தாய்மாமன் பெண்டாட்டி இறங்காமல் நான் யாருக்கு ஆரத்தி எடுப்பது, கற்பூரம் அணைகிறது என்று கடுகடுவென்று சொன்னார். அண்ணி இறங்கினார். தலை நிமிரவில்லை. பந்தலுக்குள் போகும்போது, நல்ல நாளில் இதென்ன கூத்து என்று யாரோ ஒரு அம்மாள் பின்னால் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அண்ணி ஒரு மூலையில் போய், தூணை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். மொட்டை போட்டவரை ஏற்கெனவே கடித்திருந்தாள். இப்போது அண்ணன் மடியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பந்தல் கிழிகிற மாதிரி கத்தினாள். தங்கக் கம்பியோடு நகை ஆசாரி எதிரில் உட்கார்ந்து கிளி காட்டினார், சாக்லேட் காட்டினார், செல்போன் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லாரும் ஆளாளுக்கு யோசனை சொல்ல, சத்தம் இன்னும் கூடியது.

திடீரென்று அழுகை நின்றது. குழந்தை தூணோரம் பார்த்தாள். ஃப்ளெக்ஸ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி தூணோரம். பிறகு ஆசாரியை நோக்கிக் கையை நீட்டி, தெளிவாகச் சொன்னாள்.

"அத்த, இவர கல்லாக்கு."

அண்ணி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். ஆறு வருஷமாக எதற்கும் அம்மாவைப் பார்க்கிற அதே பார்வை. அம்மா மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார்.

"ஆக்கும்மா. நேரம் போவுது."

அண்ணி எழுந்தார். நாங்கள் கொண்டுவந்த சீர்த்தட்டுகளில் எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டையும் ஒரு தட்டு இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரிக்கு நேர் எதிரே காலை மடக்கி உட்கார்ந்தார். தலை குனிந்தே இருந்தது. ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். டக். பருப்பை வாயில் போட்டு மென்றார். தோலை வீசினார். இன்னொன்று. டக். மூன்றாவதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்து ஆசாரியைப் பார்த்தார்.

ஆசாரி நின்றுபோனார். கம்பி பிடித்த கை அந்தரத்தில், வாய் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல். குழந்தை வாயைப் பிளந்தாள். காதைப் பொத்திய கை தானாக இறங்கியது. குனிந்து ஆசாரியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அவர் அசையவில்லை. அவள் அந்த அதிசயத்தில் இருக்கும்போதே கல்லாய்ப்போன ஆசாரியின் ஒரு கை மட்டும் அசைந்தது. வலது காது முடிந்தது. குழந்தை வீலென்றாள், கோபத்தோடு அண்ணியிடம் திரும்பினாள். இந்தக் கல் சரியில்லை, எல்லாரையும் கல்லாக்கு என்று உத்தரவு போட்டாள்.

அண்ணி தட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினார். பந்தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்தார். பந்தல் முழுக்கக் கல்லாகிவிட்டது. தாம்பூலத் தட்டைத் தூக்கின கையோடு அக்கா நின்றாள். சாம்பார் வாளியோடு சமையல்காரர் நின்றார். நல்ல நாளில் இதென்ன கூத்து என்று கேட்ட அம்மாள் ஒரு கால் எடுத்துவைத்தபடி நின்றார். அக்காவின் மாமியார் வெற்றிலையை மென்ற வாயைத் திறந்தபடியே, பாறை மாதிரி, ஒரு இம்மிகூட அசையாமல் நின்றார். நைனா ஏற்கெனவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். குழந்தை ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இடது காதும் முடிந்தது.

பிறகு அழுதாள்தான், ஆனால் அதை யார் கேட்டார்கள். கல்லானவர்கள் எல்லாம் உயிர்பெற்றுச் சிரித்த சிரிப்பில் பந்தக்கால் ஆடியது. அக்காவின் மாமியார் வந்து அண்ணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அண்ணன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, இது என் பெண்டாட்டி என்று தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கேட்காதீர்கள், நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தவரைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வருத்தமாகவும் இருந்தது. சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டபோது ஆசாரி என்னிடம் வந்து, நான் நடிக்கவில்லை தாயே, நிஜமாகவே கொஞ்ச நேரம் கை நின்றுபோய்விட்டது என்று ரகசியமாகச் சொன்னார்.

பேர் ஒட்டிக்கொண்டது. வல்லத்தில் அண்ணி இப்போது கல்மலைக்காரிதான். அண்ணி பயந்ததுதான் நடந்தது, ஆனால் பயந்த விதத்தில் இல்லை. அங்கே எந்த வீட்டில் குழந்தை சாப்பிட அடம்பிடித்தாலும் போன் வருகிறது. அண்ணி வீடியோவில் முகத்தைக் காட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அந்த ஃப்ளெக்ஸை அக்காவின் மாமியார் கழற்றி, களத்தில் காயும் மல்லாட்டை மழையில் நனையாமல் மூடி வைத்திருக்கிறார். படம் வெளியே தெரிகிற மாதிரிதான். ஒரு குரங்குகூட வருவதில்லை என்கிறார்.

இதற்கு மேல்தான் சொல்ல வந்தது. போன மாதம் நம்மாள் ஏதோ ஒரு விழாவில், மூக்குக்கு நேரே மைக்கை நீட்டியவனைத் திரும்பி முறைத்த படம் ஒன்று வந்தது. நான் தேடித் தேடிக் கிடைக்காத பார்வை. வெளிச்சமும் சரியான பக்கம், கழுத்தும் சரியான சாய்வு. ஒட்டினால் கல்யாண ஜோடி மாதிரி பொருந்தும். சத்தியத்தை இப்போதாவது காப்பாற்றிவிடலாம் என்று ஓடிவந்து அண்ணியிடம் காட்டினேன். அண்ணி விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நல்லாத்தான் முறைக்கறாங்க என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவங்களுக்கு அந்த ராஜகுமாரி வேஷத்த குடு பாப்பா. என்கிட்ட மாட்டிகினு நல்லா அழுவாங்க."

"அப்ப கல்மலைக்காரி?"

அண்ணி தலை குனிந்து ஒரு மல்லாட்டையை எடுத்தார். டக். பருப்பை முறத்தில் போட்டார், தோலை வீசினார். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அந்த மூஞ்சே இருக்கட்டும். கலர் மட்டும் ஏத்தாத."